கடன் பத்திரம்: யாருக்குக் கொடுக்கிறோம், எந்த வரிசையில் நிற்கிறோம்?

யெஸ் பேங்க்கில் எஃப்.டி. போட்டிருந்த 277 பேர், கெடு முடியும் முன்பே அதை முறித்து, அதே வங்கி வெளியிட்ட ‘ஏ.டி.1’ என்ற கடன் பத்திரத்தில் பணத்தைப் போட்டார்கள். மொத்தம் சுமார் 80 கோடி ரூபாய். எஃப்.டி.யை விடக் கூடுதலாக, 9 முதல் 9.5 சதவீதம் வரை வட்டி. வங்கி அதே வங்கி, எதிரே உட்கார்ந்து பேசிய ஊழியரும் அதே வங்கியின் ஊழியர். பெரும்பாலானவர்களுக்கு அது கொஞ்சம் கூடுதல் வட்டி தரும் எஃப்.டி.யாகவே தெரிந்திருக்கும்.

2020 மார்ச் 5 அன்று ரிசர்வ் வங்கி யெஸ் பேங்க்கின் மீது கட்டுப்பாடு விதித்தது. கணக்கிலிருந்து 50,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது என்றார்கள். ஏ.டி.எம். வாசல்களில் கூட்டம் அலைமோதியது. ஸ்டேட் பேங்க் தலைமையில் பல வங்கிகள் முதலீடு செய்து அதைத் தூக்கி நிறுத்தின. மார்ச் 18 அன்று கட்டுப்பாடு விலகியது. எஃப்.டி. வைத்திருந்தவர்களுக்கு ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. ஏ.டி.1 பத்திரம் வைத்திருந்தவர்களின் 8,415 கோடி ரூபாய் மட்டும் முழுவதுமாகத் தள்ளுபடி செய்யப்பட்டது. தனிநபர்களுக்கு இந்தப் பத்திரத்தை விற்றபோது ஆபத்தைச் சரியாகச் சொல்லவில்லை என்று 2021 ஏப்ரலில், பங்கு, பத்திரச் சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபி அந்த வங்கிக்கு 25 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. 277 பேர் பற்றிய கணக்கு அந்த உத்தரவில்தான் வெளிவந்தது. அபராதமும் தள்ளுபடியும் பிறகு மேல்முறையீட்டுக்குப் போயின. 2023 ஜனவரியில் பாம்பே உயர் நீதிமன்றம் தள்ளுபடியை ரத்து செய்தது. அந்தத் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் நிறுத்தி வைத்தது.

பங்குச் சந்தை என்றாலே தூரம் போகிற குடும்பங்கள் நம்மிடையே நிறைய. “வட்டிதான் நிச்சயம்” என்று சொல்லி வளர்ந்தவர்கள் நாம். ஆனால் நிலையான வருமானம் தரும் முதலீடு என்று சொல்லும்போது அதில் நிலையாக எழுதப்பட்டிருப்பது வட்டி விகிதம் ஒன்றுதான். வட்டியைத் தருபவர் யார், அவர் தடுமாறினால் நாம் எந்த வரிசையில் நிற்போம், நடுவில் வெளியே வர முடியுமா, கையில் வரும்போது அந்தப் பணத்துக்கு என்ன மதிப்பு இருக்கும் என்பதெல்லாம் பத்திரத்துக்குப் பத்திரம் மாறும். இவற்றைப் புரிந்துகொள்ளப் பொருளாதாரப் பட்டம் தேவையில்லை.

பத்திரம் என்பது கைமாற்றக்கூடிய கடன்

அரசோ நிறுவனமோ பொதுமக்களிடம் கடன் வாங்கும்போது எழுதித் தரும் ஒப்பந்தம்தான் கடன் பத்திரம். அதில் மூன்று விஷயங்கள் இருக்கும். முகமதிப்பு, அதாவது முதிர்வில் திரும்பத் தரவேண்டிய அசல். கூப்பன், அதாவது ஆண்டுதோறும் தரும் வட்டி விகிதம். முதிர்வுத் தேதி. முகமதிப்பு 1,000 ரூபாய், கூப்பன் 7 சதவீதம், காலம் 10 ஆண்டு என்றால், ஆண்டுக்கு 70 ரூபாய் வந்துகொண்டிருக்கும். பத்தாம் ஆண்டு முடிவில் 1,000 ரூபாய் திரும்ப வரும்.

எஃப்.டி.யும் கிட்டத்தட்ட இதேதான். வேறுபாடு, எஃப்.டி.யை இன்னொருவருக்கு விற்க முடியாது. அவசரம் என்றால் வங்கியிடமே முறித்து, வட்டியில் கொஞ்சம் விட்டுக்கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். பத்திரத்தைச் சந்தையில் இன்னொருவருக்கு விற்கலாம். விற்கலாம் என்றதும் அதற்கு ஒரு சந்தை விலை வந்துவிடுகிறது. அந்த விலை தினமும் ஏறி இறங்கும். பத்திரத்தைப் பற்றிய பாதிக் குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது.

வட்டி ஏறினால் பழைய பத்திரத்தின் விலை ஏன் இறங்குகிறது?

மேலே சொன்ன 7 சதவீதப் பத்திரத்தை நீங்கள் 1,000 ரூபாய்க்கு வாங்கிவிட்டீர்கள். அடுத்த வாரமே சந்தையில் வட்டி ஏறி, அதே தரமுள்ள புதிய பத்திரம் 8 சதவீதம் தருகிறது என்று வையுங்கள். இப்போது உங்கள் பத்திரத்தை 1,000 ரூபாய் கொடுத்து வாங்க யாரும் வரமாட்டார்கள். அதே ஆயிரத்தில் ஆண்டுக்கு 80 ரூபாய் கிடைக்கும்போது 70 ரூபாயை ஏன் ஏற்கவேண்டும்? வாங்குபவருக்கு மொத்தத்தில் 8 சதவீதம் கிடைக்கிற மாதிரி நீங்கள் விலையைக் குறைத்தாகவேண்டும். கணக்குப் போட்டால் சுமார் 933 ரூபாய் வரும். மாறாக, சந்தை வட்டி 6 சதவீதமாக இறங்கினால் உங்கள் பத்திரம் சுமார் 1,074 ரூபாய்க்கு விலை போகும்.

காலம் நீளமாக நீளமாக இந்த அசைவு பெரிதாகும். அதே 7 சதவீதப் பத்திரத்துக்கு இரண்டே ஆண்டுதான் மிச்சம் என்றால், வட்டி 8 ஆகும்போது விலை சுமார் 982க்குத்தான் இறங்கும். 30 ஆண்டு மிச்சமிருந்தால் 887 வரை இறங்கிவிடும். கொடுத்த வாக்கில் நிறுவனம் ஒரு எழுத்துகூட மாற்றவில்லை. ஆனாலும் இன்றைக்கு விற்றால் நஷ்டம்.

இதை இந்தியாவில் அண்மையில் கண்ணால் பார்த்தோம். 2020 மே மாதம் ரிசர்வ் வங்கியின் ரெப்போ விகிதம், அதாவது அது வங்கிகளுக்குக் குறுகிய காலக் கடன் தரும் வட்டி, 4 சதவீதத்துக்கு வந்தது. 2022 மே மாதத்திலிருந்து மளமளவென்று ஏற்றி, 2023 பிப்ரவரியில் 6.5 சதவீதத்துக்குக் கொண்டுபோனார்கள். 4 சதவீதக் காலத்தில் நீண்டகாலப் பத்திரம் வாங்கியவர்களுக்கும், அத்தகைய பத்திரங்களைச் சுமந்த மியூச்சுவல் ஃபண்டுகளை (கடன் ஃபண்டுகளை) வைத்திருந்தவர்களுக்கும் மதிப்பு குறைந்தது. “கடன் ஃபண்டில் எப்படி மைனஸ் வரும்?” என்று பலர் திகைத்தது அப்போதுதான். 2025 பிப்ரவரியில் குறைப்பு தொடங்கி ஜூனில் 5.5 சதவீதத்துக்கு வந்தபோது, இடைக்காலத்தில் உயர்ந்த வட்டியில் பத்திரம் வாங்கியவர்களுக்கு ஆதாயம் கிடைத்தது.

2023 மார்ச்சில் அமெரிக்காவின் சிலிக்கான் வேலி பேங்க் விழுந்ததற்கும் இந்தக் கணக்குதான் அடியில் இருந்தது. அது பெருமளவு வாங்கி வைத்திருந்தது அமெரிக்க அரசின் பத்திரங்களையும் அரசு ஆதரவுள்ள வீட்டுக்கடன் பத்திரங்களையும்தான். கடன் திரும்பாது என்ற பயமே அவற்றில் இல்லை. வட்டி ஏறி விலை இறங்கியிருந்த நேரத்தில் டெபாசிட்காரர்கள் பணத்தைக் கேட்டார்கள்; நஷ்டத்துக்கு விற்கவேண்டி வந்தது; செய்தி பரவியதும் கூட்டம் பெருகியது.

வீட்டுக் கணக்குக்கு இதிலிருந்து எடுத்துக்கொள்ளவேண்டியது ஒன்று. முதிர்வு வரை கையில் வைத்திருக்க முடியும் என்றால் இடைக்கால விலை அசைவு உங்களைத் தொடாது. மூன்று ஆண்டில் மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு வேண்டிய பணத்தை 15 ஆண்டுப் பத்திரத்தில் போட்டால்தான் தொடும்.

விலை மாறுவதால் இன்னொரு எண்ணும் முக்கியமாகிறது: ஈல்டு. நீங்கள் கொடுக்கும் விலை, வரப்போகும் வட்டி, முதிர்வுத் தொகை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் உண்மையில் கிடைக்கும் விகிதம் அது. ஓராண்டு மிச்சமிருக்கும் 9 சதவீதக் கூப்பன் பத்திரத்தை 1,040 ரூபாய்க்கு வாங்கினால், ஆண்டு முடிவில் கைக்கு வருவது 1,090. உங்கள் ஈல்டு 4.8 சதவீதம்தான். “9 பர்சன்ட் பாண்ட் சார்” என்று யாராவது சொன்னால், எந்த விலையில், முதிர்வுவரை ஈல்டு எவ்வளவு என்று கேட்காமல் கையெழுத்துப் போடக்கூடாது.

வரிசை

யெஸ் பேங்க் கதையின் மையம் இதுதான். ஒரு நிறுவனம் மூழ்கும்போது இருக்கிற சொத்தை விற்று வரும் பணம் எல்லோருக்கும் சமமாகப் போகாது. சட்டமும் ஒப்பந்தமும் ஒரு வரிசையை வைத்திருக்கின்றன. சொத்தைப் பிணையாகப் பெற்றுக் கடன் கொடுத்தவர்கள் முன்னால் நிற்பார்கள். பிணையில்லாத கடன்காரர்கள் அவர்களுக்குப் பின்னால். அதற்கும் பின்னால் ‘சபார்டினேட்டட்’, அதாவது மற்றக் கடன்களுக்குப் பிறகே பணம் பெறும் என்று குறிப்பிட்ட பத்திரங்கள். கடைசியில் பங்குதாரர்கள்.

வங்கியின் ஏ.டி.1 பத்திரம் இந்த வரிசையில் பங்குதாரருக்கு ஒரு படி மேலே, மற்ற எல்லோருக்கும் கீழே நிற்பது. அதற்கு முதிர்வுத் தேதி கிடையாது. வங்கி விரும்பினால் குறிப்பிட்ட ஆண்டுக்குப் பிறகு திரும்பப் பெற்றுக்கொள்ளலாம், விரும்பாவிட்டால் இல்லை. லாபமில்லாத ஆண்டில் வட்டியை நிறுத்தலாம், பாக்கி என்று சேர்த்துத் தரவேண்டிய கடமையும் கிடையாது. நிலைமை மோசமானால் அசலையே அழித்துவிடலாம். இதெல்லாம் வெளியீட்டு ஆவணத்தில் அச்சிலேயே இருந்தது. யெஸ் பேங்க் விஷயத்தில் இன்னும் கசப்பானது, பங்குதாரர்களின் பங்கு நீர்த்துப்போனாலும் மிச்சமிருந்தது. அவர்களுக்கு மேலே நிற்கவேண்டிய பத்திரதாரருக்கு ஒன்றுமில்லாமல் போனது. இந்தக் குழப்பத்துக்குப் பிறகு, 2020 அக்டோபரில், ஏ.டி.1 பத்திரங்களைப் பெரிய நிறுவன முதலீட்டாளர்களுக்கு மட்டுமே வெளியிடவேண்டும், குறைந்தபட்ச அளவு 1 கோடி ரூபாய் என்று செபி விதித்தது. நல்ல விதி. பணத்தைத் தொலைத்தவர்களுக்குக் காலம் கடந்து வந்தது.

டெபாசிட்காரர்களின் வரிசையிலும் ஒரு எல்லைக்கோடு உண்டு. வங்கி மூடப்பட்டால், ஒரு வங்கியில் ஒருவருக்கு அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் ரூபாய் வரை டெபாசிட் காப்பீடு தரும். 2020 பிப்ரவரிக்கு முன்பு இது 1 லட்சமாக இருந்தது. வணிக வங்கிகளுக்கும் கூட்டுறவு வங்கிகளுக்கும் இந்தக் காப்பீடு பொருந்தும். ஊரில் இருக்கும் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்துக்குப் பொருந்தாது. நிதி நிறுவனங்களின் டெபாசிட்டுக்கும், உறுப்பினர்களிடம் மட்டும் டெபாசிட் வாங்கும் ‘நிதி’ கம்பெனிகளுக்கும் பொருந்தாது. தமிழ்நாட்டில் ஓய்வூதியர்கள் பலர் விரும்பிப் போடும் தமிழ்நாடு மின்விசை நிதிக் கழகம், போக்குவரத்து வளர்ச்சி நிதிக் கழகம் ஆகியவை மாநில அரசுக்குச் சொந்தமானவை என்ற பலம் கொண்டவை; என்றாலும் அவை வங்கிகள் அல்லாத நிதி நிறுவனங்கள் என்பதால் அங்கேயும் இந்த 5 லட்சம் காப்பீடு கிடையாது. அரசுக்குச் சொந்தம் என்பதும் அரசு எழுதிக் கொடுத்த உத்தரவாதம் என்பதும் வேறு வேறு. போடும் முன் அந்த இரண்டாவது இருக்கிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்குவது நல்லது.

சென்னைக்கு இது பழைய பாடம். 1906 அக்டோபரில் அர்பத்நாட் கம்பெனி விழுந்தபோது நகரத்தின் எத்தனையோ குடும்பங்களின் சேமிப்பு கரைந்தது. பெயர் பெற்ற வெள்ளைக்கார நிறுவனம் என்ற நம்பிக்கையில் போட்ட பணம். அந்த அதிர்ச்சியில்தான் மறு ஆண்டு இந்தியன் வங்கி பிறந்தது. 1872இல் தொடங்கிய மயிலாப்பூர் இந்து பெர்மனென்ட் ஃபண்ட் டெபாசிட்காரர்கள், பணம் திரும்பவில்லை என்று 2024இல் காவல்துறை அலுவலகத்தில் வரிசையில் நின்றதைப் பார்த்தோம். அவர்களில் பலர் முதியவர்கள். நூற்றைம்பது ஆண்டு வயது ஒரு நிறுவனத்தின் வரலாற்றைச் சொல்லும். இன்றைய கணக்குப் புத்தகத்தைச் சொல்லாது.

மாதம் 25, 30 சதவீதம் வட்டி என்று சொல்லி வந்த ஆருத்ரா போன்ற மோசடிகளை இந்தக் கட்டுரையின் வரம்புக்குள் நான் கொண்டுவரவில்லை. அவை முதலீட்டின் ஆபத்தைப் பற்றியவை ஆகாது, குற்றம்.

ரேட்டிங் எவ்வளவு சொல்லும்?

கிரிசில், இக்ரா, கேர், இந்தியா ரேட்டிங்ஸ் போன்ற நிறுவனங்கள் பத்திரங்களுக்குத் தர மதிப்பீடு தருகின்றன. மிக உயர்ந்தது ‘ஏஏஏ’. பிறகு ஏஏ, ஏ, பிபிபி என்று இறங்கும். பிபிபிக்குக் கீழே போனால் ஊக வணிகத்துக்கான தரம். ‘டி’ என்றால் தவணை தவறியாகிவிட்டது. மதிப்பீட்டுக்குக் கட்டணம் கட்டுவது பத்திரத்தை வெளியிடும் நிறுவனமேதான் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு இதைப் படிக்கவேண்டும்.

உள்கட்டமைப்புத் திட்டங்களுக்கு நிதி தந்த ஐ.எல்.அண்ட்.எஃப்.எஸ். குழுமம் 2018இல் 90,000 கோடி ரூபாய்க்கு மேல் கடன் வைத்திருந்தது. அந்த ஆண்டு ஆகஸ்ட் வரை அதன் மதிப்பீடு ஏஏஏ. செப்டம்பரில் டி. இடையில் சில வாரங்கள்தான். டி.எச்.எஃப்.எல். என்ற வீட்டுக்கடன் நிறுவனம் 2018 மே மாதம் பொதுமக்களிடம் என்.சி.டி. (பங்காக மாற்றமுடியாத கடன் பத்திரம்) வெளியிட்டு 10,000 கோடி ரூபாய்க்கு மேல் திரட்டியது. ஏஏஏ தரம், 9 சதவீதத்தை ஒட்டிய வட்டி. மக்கள் முண்டியடித்து வாங்கினார்கள். 2019 ஜூனில் தவணை தவறியது. 2021இல் நிறுவனம் கைமாறியபோது, அதில் எஃப்.டி. போட்டிருந்த சாதாரண மக்களுக்குப் போட்டதில் பெரும்பகுதி திரும்பவில்லை.

ரேட்டிங் பயனற்றது என்று சொல்ல வரவில்லை. பெரும்பாலான ஏஏஏ பத்திரங்கள் சொன்ன தேதியில் பணம் தந்திருக்கின்றன. தரம் குறையக் குறையத் தவணை தவறுவது கூடுவதும் உண்மை. மழை வரும் என்று சொல்லும் வானிலை அறிக்கையைப் போல அதை எடுத்துக்கொள்ளலாம்: குடை எடுக்க உதவும், நனையமாட்டோம் என்ற உறுதி கிடைக்காது. ஆகவே ஒரே நிறுவனத்தில், அது எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும், தாங்கமுடியாத அளவுக்குப் பணம் போடக்கூடாது.

இணையத்தில் இப்போது பத்திரம் விற்கும் தளங்கள் நிறைய வந்துவிட்டன. 2022 நவம்பரில் செபி இவற்றுக்கு விதிமுறை கொண்டுவந்து பதிவைக் கட்டாயமாக்கியது. பொதுவெளியீடு இல்லாமல் சிலருக்கு மட்டும் விற்கும் தனியார் வெளியீட்டுப் பத்திரத்தின் முகமதிப்பு 10 லட்சத்திலிருந்து 1 லட்சமாகி, 2024இல் சில நிபந்தனைகளோடு 10,000 ரூபாய் வரை இறங்கிவிட்டது. கதவு திறந்தது நல்லதுதான். ஆனால் அந்தத் தளங்களில் பளிச்சென்று தெரிபவை 11, 12 சதவீத ஈல்டு உள்ளவை. அவற்றில் பல பிபிபி வட்டாரத்தில் இருப்பவை. 5 லட்சம் ரூபாயில் 2 சதவீதம் கூடுதல் என்பது ஆண்டுக்கு 10,000 ரூபாய். அந்த நிறுவனம் தவறி, 40 சதவீதம்தான் திரும்பி வந்தது என்றால் இழப்பு 3 லட்சம். 30 ஆண்டு கூடுதல் வட்டி ஒரே நாளில் போகிறது. நூறு நிறுவனங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் ஃபண்டுக்கு இந்தக் கணக்கு ஒத்துவரலாம். மூன்று நான்கு பத்திரம் வாங்கும் குடும்பத்துக்கு ஒத்துவராது என்பது என் உறுதியான கருத்து.

வெளியே வர வழி

பத்திரங்களை மின்னணு வடிவில் வைக்கும் டீமேட் கணக்கில் அது இருக்கிறது, பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டிருக்கிறது என்பதால் நினைத்த நேரத்தில் விற்றுவிடலாம் என்று எண்ணவேண்டாம். நிறுவனப் பத்திரங்களில் பெரும்பாலானவற்றுக்கு அன்றாடம் வாங்குபவர்களே இருப்பதில்லை. விற்றே ஆகவேண்டும் என்றால் விலையை வெகுவாகக் குறைக்கவேண்டியிருக்கும்.

ஃபண்டுகளுக்கும் இதே சிக்கல் வந்ததுண்டு. 2020 ஏப்ரல் 23 அன்று ஃபிராங்க்ளின் டெம்பிள்டன் தன் ஆறு கடன் ஃபண்டுகளை மூடியது. கொரோனா முடக்கத்தில் முதலீட்டாளர்கள் பணம் கேட்க, ஃபண்டு வைத்திருந்த தரம் குறைந்த பத்திரங்களை வாங்க ஆளில்லை. சுமார் 25,000 கோடி ரூபாய் முடங்கியது. பின்னாளில் படிப்படியாக அந்தப் பணம் திரும்பி வந்துசேர்ந்தது என்பது உண்மை. ஆனால் ஊரடங்கில் வேலை போய், மருத்துவச் செலவு வந்த மாதங்களில் அது கைக்கு எட்டவில்லை. அவசரப் பணம் வங்கிக் கணக்கிலும், எளிதில் முறிக்கக்கூடிய எஃப்.டி.யிலும்தான் இருக்கவேண்டும்.

எதிர்த்திசையிலும் ஒரு வழி இருக்கிறது, அது வெளியிட்டவருக்கு. பத்திரத்தில் ‘கால் ஆப்ஷன்’ இருந்தால், வட்டி இறங்கும்போது நிறுவனம் உங்கள் பணத்தை முன்கூட்டியே திருப்பித் தந்துவிடலாம். நல்ல வட்டி வந்துகொண்டிருந்த பணத்தைக் குறைந்த வட்டிக்கு மறுபடி போடவேண்டி வரும்.

அரசுப் பத்திரம்

மத்திய அரசின் பத்திரத்தைச் சாதாரண மக்கள் நேரடியாக வாங்க, 2021 நவம்பர் 12 அன்று ரிசர்வ் வங்கி ‘ரீடெய்ல் டைரக்ட்’ என்ற வசதியைத் தொடங்கியது. கணக்குத் திறக்கக் கட்டணம் இல்லை. 10,000 ரூபாயிலிருந்து போடலாம். 91, 182, 364 நாட்களில் முடியும் கருவூல பில்கள் முதல் 40, 50 ஆண்டுப் பத்திரங்கள் வரை உண்டு. பில்லுக்குத் தனியாக வட்டி வராது, 100 ரூபாய் பில்லை, உதாரணத்துக்கு, 94 ரூபாய்க்கு வாங்கினால் 364 நாளில் 100 வரும், சுமார் 6.4 சதவீதம். தமிழ்நாடு உட்பட மாநில அரசுகளின் பத்திரங்களும் இதே தளத்தில் ஏலத்துக்கு வருகின்றன. வழக்கமாக மத்திய அரசுப் பத்திரத்தை விடச் சற்றுக் கூடுதல் ஈல்டு. இவ்வளவு நல்ல வசதி இருந்தும் நம் ஊரில் இதைத் தெரிந்தவர்கள் குறைவு. காரணம் புரிகிறது. இதில் யாருக்கும் கமிஷன் இல்லை. ஆகவே வீட்டுக்கு வந்து சொல்ல ஆளில்லை.

அரசு தவறுமா? தன் நாணயத்தில் வாங்கிய கடனை ஓர் அரசு பொதுவாகத் திருப்பித் தந்துவிடும். வேறு வழிகளில் அதன் பாரம் நம் மேல் இறங்கலாம். இலங்கையில் இது நடந்தது. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்புவதை அரசு நிறுத்தியது. அந்த ஆண்டு செப்டம்பரில் கொழும்பின் பணவீக்கம் 70 சதவீதத்தை நெருங்கியது. திறைசேரி உண்டியலின் (கருவூல பில்லின்) வட்டி 30 சதவீதத்தைத் தாண்டியும், விலைவாசி அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் ஓடிக்கொண்டிருந்தது. 2023இல் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பில், ஊழியர் சேமலாப நிதியம் (அங்கத்து பி.எஃப்.) வைத்திருந்த திறைசேரி முறிகளை, அதாவது அரசுப் பத்திரங்களை, நீண்டகாலப் புதிய முறிகளாக மாற்றினார்கள். 2025 வரை 12 சதவீதம், பிறகு 9 சதவீதம் வட்டி. வங்கி வைப்புகளைத் தொடவில்லை. தொழிலாளியின் ஓய்வுகாலப் பணம்தான் அந்தச் சுமையைத் தூக்கியது. இந்தியாவின் நிலைமை அதுவல்ல என்றாலும், அரசின் கையெழுத்து பணவீக்கத்திலிருந்து காப்பாற்றாது என்பது எல்லா நாட்டுக்கும் பொருந்தும்.

வரிக்குப் பிறகு என்ன மிஞ்சும்

எஃப்.டி. வட்டி, பத்திரத்தின் கூப்பன் இரண்டும் உங்கள் வருமானத்தோடு சேர்ந்து உங்கள் வரி அடுக்கிலேயே வரி கட்டும். 30 சதவீத அடுக்கில் இருப்பவருக்குச் செஸ்ஸோடு 31.2 சதவீதம் போனால், 7 சதவீத எஃப்.டி.யில் கைக்கு நிற்பது 4.8 சதவீதம். விலைவாசி 5 சதவீதம் ஏறும் ஆண்டில் அந்தப் பணம் பெருகியதாகத் தெரிந்தாலும் வாங்கும் சக்தி தேய்ந்திருக்கும். 2023 ஏப்ரலுக்குப் பிறகு வாங்கிய கடன் ஃபண்டுகளின் லாபத்துக்கும் இதே அடுக்குதான். முன்பிருந்த சலுகை போய்விட்டது. மின்துறைக்குக் கடன் தரும் அரசு நிறுவனங்களான பி.எஃப்.சி., ஆர்.இ.சி., மற்றும் தேசிய நெடுஞ்சாலை ஆணையம் போன்றவை முன்பு வெளியிட்ட வரியில்லாப் பத்திரங்கள் இன்றும் சந்தையில் கைமாறுகின்றன. உயர்ந்த அடுக்கில் இருப்பவர்கள் அவற்றின் ஈல்டைத் தங்கள் எஃப்.டி.யின் வரிக்குப் பிந்தைய விகிதத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

ஓய்வு பெற்ற ஒரு தம்பதிக்கு

ஓய்வுப் பணம் 60 லட்சம் கையில் வந்திருக்கும், இருவருக்கும் 60 வயது கடந்த ஒரு தம்பதியை எடுத்துக்கொள்வோம். முதலில் பார்க்கவேண்டியது அஞ்சலகத்தின் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம். 8.2 சதவீதம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி, ஐந்து ஆண்டு. விரும்பினால் மூன்று ஆண்டு நீட்டிக்கலாம். ஒருவருக்கு 30 லட்சம் வரை. கணக்குத் தொடங்கிய நாளின் விகிதம் ஐந்து ஆண்டும் மாறாது. அரசின் உத்தரவாதத்தோடு இந்த வட்டியைச் சந்தையில் எந்த ஏஏஏ பத்திரமும் எளிதில் தருவதில்லை.

அடுத்து ரிசர்வ் வங்கியின் மாறும் வட்டிப் பத்திரம். தேசிய சேமிப்புப் பத்திரத்தின் விகிதத்தோடு 0.35 சதவீதம் கூட்டித் தருவார்கள். 2023 ஜூலையிலிருந்து 8.05 சதவீதம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை விகிதம் மாற்றி அமைக்கப்படும் என்பதால் வட்டி ஏறும் காலத்தில் இது கைகொடுக்கும். ஏழு ஆண்டு பூட்டு. விற்கவும் முடியாது, அடகு வைக்கவும் முடியாது. 60 வயதைக் கடந்தவர்களுக்கு மட்டும், வயதைப் பொறுத்து நான்கு முதல் ஆறு ஆண்டுக்குப் பிறகு சற்று விட்டுக்கொடுத்து வெளியே வரலாம்.

முழுவதையும் இவற்றில் பூட்டிவிடவும் கூடாது. 10, 15 லட்சத்தை இரண்டு மூன்று வங்கிகளில், ஒவ்வொன்றிலும் 5 லட்சத்துக்குள் நிற்கும்படி, ஓராண்டு, இரண்டாண்டு, மூன்றாண்டு என்று எஃப்.டி.யாகப் பிரித்துப் போடலாம். ஆண்டுதோறும் ஒன்று முதிரும். வட்டி ஏறியிருந்தால் அதைப் புதிய விகிதத்தில் மூன்றாண்டுக்குப் போடலாம். மருத்துவச் செலவு வந்தால் எதையும் முறிக்காமல் எடுத்துக்கொள்ளலாம். எல்லாவற்றிலும் நாமினி பெயர் எழுதியிருக்கிறதா, இருவருக்கும் எந்தக் கணக்கு எங்கே இருக்கிறது என்று தெரியுமா என்பதையும் ஒருமுறை உட்கார்ந்து சரிபார்த்துவிட வேண்டும். என்.சி.டி. வாங்கியிருந்தால் அது எந்த டீமேட் கணக்கில், எந்த டிரஸ்டியின் கீழ் இருக்கிறது என்பதையும் அதே தாளில் எழுதி வைக்கலாம். தவணை தவறினால் பத்திரதாரர்கள் சார்பில் நிறுவனத்தின் மேல் நடவடிக்கை எடுக்கவேண்டியவர் அந்த டிரஸ்டிதான். முதலில் கடிதம் போகவேண்டிய முகவரியும் அவருடையதுதான்.